ஐந்தாவது வாக்கி

3 பிப்ரவரி, திங்கள்

நாற்பது வாக்கிடாக்கி கொண்டுவந்தேன். வாங்கிக்கொண்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே ஆன்டெனாவைப் பிடித்துத்தான் தூக்கினார்கள். முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவது மாதிரி. உதவி இயக்குநர் ஒருவன், பட்டப்படிப்பு முடித்தவனாம், "மேடம், இதுல எஃப்.எம். வருமா?" என்று கேட்டான். வராது என்றேன். முகம் வாடிவிட்டது.

திண்டிவனம் தாண்டி, பல வருஷமாக மூடிக்கிடக்கும் ஒரு சர்க்கரை ஆலை. இங்கே சண்டைக்காட்சி எடுக்கிறார்கள். வடபழனியில் எங்கள் முதலாளி சலாவுதீன் பாய் சினிமாக்காரர்களுக்கு வாக்கிடாக்கி வாடகைக்கு விடுகிறார். இத்தனை வாக்கிக்கு ஓர் ஆளும் கூட வர வேண்டும் என்று படக் கம்பெனி கேட்டதால் நான் வந்தேன். லேப்டாப்பில் சேனல் போட்டுத் தருவதும், பாட்டரி சார்ஜ் ஏற்றுவதும், உடைத்ததை ஒட்டுவதும் என் வேலை. கரும்பு லாரி எடை போடும் குமாஸ்தா உட்கார்ந்திருந்த அறையைக் கொடுத்திருக்கிறார்கள். பல்லி நிறைய. மனிதர்களை விடத் தேவலை.

நாலு சேனல். ஒன்று டைரக்ஷனுக்கு. இரண்டு புரொடக்ஷன், சாப்பாட்டுக்கு. மூன்று கேமரா, லைட்டுக்கு. நாலு சண்டைக் குழுவுக்கு மட்டும்.

4 பிப்ரவரி

இரண்டாம் சேனலில் இன்று முழுக்க இட்லிக்கு எந்தச் சட்னி என்ற விவாதம். தேங்காய் வென்றது.

5 பிப்ரவரி, புதன்

பாடம் எடுத்தேன். பொத்தானை அழுத்து, ஒரு மூச்சு விடு, பிறகு பேசு, இல்லாவிட்டால் முதல் சொல் போகாது. வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடி. கத்தாதே. பேசி முடித்ததும் பொத்தானை விட்டுவிடு. நீ அழுத்திக்கொண்டிருக்கும் வரை அந்தச் சேனலில் வேறு யார் பேசினாலும் கேட்காது. கரண்டியைப் பிடிக்கத் தெரிந்தவனுக்குப் புரிய வேண்டியது இவ்வளவுதான். தலையாட்டினார்கள். வெளியே போன உடனே ஒருவன் வாக்கியை ஐஸ்கிரீம் மாதிரி உதட்டில் வைத்துக்கொண்டு கத்தினான்.

சண்டைக் குழு மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து கேட்டது. ராயப்பன் மாஸ்டர், அறுபது வயது, இரண்டு கால் முட்டியிலும் பட்டை. ரோப் ஆட்களுக்குத் தலைவன் வேலாயுதம். சுவருக்குப் பின்னால் நின்று கயிறு இழுப்பவர்கள் இவர்கள். தொங்குகிற ஆளை அவர்களால் பார்க்க முடியாது. மாஸ்டர் முன்னால் நின்று பார்த்து, வாக்கியில் சொல்வதை வைத்துத்தான் இழுப்பார்கள், விடுவார்கள். மேலே கொக்கி மாட்ட ஒரு பையன். கதாநாயகிக்கு டூப் போடும் ஜெசிந்தா. ஆக நாலாம் சேனலில் நாலு வாக்கி.

அவர்களுக்குத் தனியாக ஒன்று சொன்னேன். தமிழில் கூடாது என்பதைச் சொல்லின் கடைசியில்தான் சொல்கிறோம். 'இழுக்காதே' என்று மாஸ்டர் சொல்லி, அவசரத்தில் பொத்தானை முன்னாடியே விட்டுவிட்டால், பாதிச் சொல்தான் அந்தப் பக்கம் விழும். பாதியைக் கேட்டவன் இழுப்பான். அதனால் 'இழுக்காதே', 'விடாதே' இரண்டும் கூடாது. 'இழு', 'விடு', 'நில்'. இந்த மூன்றுதான்.

"சூப்பரா கீதுக்கா" என்றாள் ஜெசிந்தா. "எங்க வூட்டுலயும் இந்த மூணு வார்த்தய வச்சே குடும்பம் நடத்தலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. காசிமேட்டுப் பெண். இருபத்தாறு வயது இருக்கும். எதையும் சிரித்துக்கொண்டே கேட்பவர்களுக்குப் பாதி மண்டையில் ஏறாது.

7 பிப்ரவரி, வெள்ளி

இயக்குநர் மணிவேலனைப் பற்றி எழுதாமல் முடியாது. இரண்டு படம் எடுத்தவர். ஓடியதைப் பற்றி மட்டும் பேசுவார். வாக்கியில் உத்தரவு போடத் தெரியாது, சொற்பொழிவுதான் தெரியும். மழை மெஷினை நிறுத்தச் சொல்வதற்கு முன்னால், மழை என்பது இந்தக் காட்சியில் மழை இல்லை, அது கதாநாயகியின் குற்ற உணர்ச்சி என்று விளக்குகிறார். குழாயைப் பிடித்து நிற்பவன் நனைந்துகொண்டு கேட்கிறான்.

சாயங்காலம் நேரில் வந்தார்.

"மேடம், நான் பேசிட்டு இருக்கும்போதே கட் ஆகுது. என்ன வாக்கி இது?"

"டைம்-அவுட் சார். ஒரு நிமிஷத்துக்கு மேல தொடர்ந்து அமுக்கினா தானா நின்னுரும்."

"எனக்கு அது வேணாம். எடுத்துருங்க. அப்புறம், ஸ்டன்ட் சேனல் என் வாக்கில இல்ல. என் படத்துல எனக்குக் கேக்காத பேச்சு எதுக்கு? அதையும் போட்டுக் குடுங்க."

"சரி சார்" என்றேன்.

கேபிளைச் செருகி, இரண்டையும் செய்து, ஐந்து நிமிஷத்தில் கொடுத்தேன். டைம்-அவுட் எதற்காக இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்காதவனுக்குச் சொல்ல நான் என்ன கோயில் உபன்யாசியா? முட்டாளுக்கு அவன் கேட்டதைக் கொடுப்பதே தண்டனை என்று என் அப்பா சொல்வார். அப்பாவும் பெரிய அறிவாளி இல்லை. ஆனால் இது சரி.

8 பிப்ரவரி

ஒரு பாட்டரி உப்பிவிட்டது. லைட் ஆள் ஒருவன் அதை ஜெனரேட்டர் மேலேயே வெயிலில் காய வைத்திருக்கிறான், துணி மாதிரி. மணல் வாளியில் போட்டு ஓரமாக வைத்தேன். "வெடிக்குமா மேடம்?" என்று செல்போனில் படம் எடுக்க வந்து நின்றான்.

ஜெசிந்தா மட்டும் வாக்கியைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிறாள். காதுக்குள் மாட்டும் ஒயரையும் சுருட்டி, ரப்பர் போட்டு. யாரோ நல்ல வாத்தியார் அடித்து வளர்த்திருக்க வேண்டும்.

10 பிப்ரவரி, திங்கள்

இன்று என் வாழ்க்கையில் ஒரு சந்தோஷமான நாள்.

மதியம் வெளிச்சத்துக்காக எல்லோரும் காத்திருந்தோம். ஒன்றாம் சேனலில் திடீரென்று இயக்குநர் குரல். "அந்த ஷாட்டை எப்டி யோசிச்சீங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க. உண்மையச் சொன்னா, நான் யோசிக்கல. அது என்னைத் தேடி வந்துச்சு." யாரோ பேட்டி எடுக்கிறார்கள் என்று நினைத்தோம். பிறகு அவரே இன்னொரு குரலில், "தமிழ் சினிமால இப்டி ஒரு முயற்சி..." என்று கேள்வி கேட்டு, சொந்தக் குரலில் பதில் சொன்னார். கேரவனில் தனியாக, கண்ணாடி முன்னால். வாக்கி தொடைக்கு அடியில் மாட்டிப் பொத்தான் அழுந்திக் கிடந்திருக்கிறது. டைம்-அவுட் இருந்தால் ஒரு நிமிஷத்தில் மானம் தப்பியிருக்கும். அதை எடுக்கச் சொன்னவர் அவரே. பத்து நிமிஷம் தனக்குத்தானே விருது கொடுத்துக்கொண்டார். உதவி இயக்குநர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் ஓடிப்போய்க் கதவைத் தட்டினான்.

அதன்பின் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. புரொடக்ஷன் மேனேஜர் கோதண்டம் வந்து, "என்ன மேடம், இப்டி மானத்த வாங்குது உங்க மெஷினு?" என்றார். மெஷின் எதையும் வாங்குவதில்லை, இருப்பதை ஊருக்குக் காட்டுகிறது என்றேன். ஏதாவது சரி செய்ய வேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் இல்லைதான். மெஷின் சரியாகவே வேலை செய்கிறது.

சாப்பிடும்போது ஜெசிந்தா தட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அவளும் சிரித்துச் சிரித்துக் கண் சிவந்திருந்தாள். பாதிச் சோற்றில் நிறுத்தி, "இதே மாரி எங்க சேனல்ல ஆனா இன்னா ஆவும்க்கா? மாஸ்டர் சொல்றது வேலாயுதம் அண்ணனுக்கு விழாதே" என்றாள்.

"உங்க சேனல்ல நாலு பேருதான். நாலு பேருக்கும் பாடம் எடுத்திருக்கேன். ஆகாது, சாப்பிடு" என்றேன்.

அவள் சாப்பிட்டாள். என் தட்டில் இருந்த அப்பளத்தையும் கேட்காமல் எடுத்துக்கொண்டாள்.

11 பிப்ரவரி

அக்கா போன் செய்தாள். எனக்கு யாரோ ஒரு மனைவியிழந்தவரைப் பார்த்திருக்கிறாளாம். நாற்பத்துமூன்று வயதில் எனக்கு அது ஒன்றுதான் குறை. முன்பு ஒருவர் இருந்தார். "உன்கூட இருந்தா தினம் பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு சுகுணா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தேறாததில் எனக்கு ஆச்சரியமில்லை.

12 பிப்ரவரி, புதன்

நாளை பெரிய ஷாட். கதாநாயகி ஆலைச் சுவரில் மழையில் ஏறித் தப்பிக்கிறாள். ஒரே டேக், மூன்று நிமிஷம், வெட்டே கிடையாது. நிஜத்தில் ஏறப்போவது ஜெசிந்தா. இடுப்பில் கயிறு. சுவருக்குப் பின்னாலிருந்து வேலாயுதத்தின் ஆட்கள் நிதானமாக இழுக்க, இவள் ஏறுவது மாதிரி கையையும் காலையும் வைத்துக்கொண்டு போக வேண்டும். மாஸ்டர் 'இழு' என்றால் இழுப்பு. 'நில்' என்று கேட்கும் வரை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். ஜெனரேட்டரும் மழை மெஷினும் போடும் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பத்தடி தாண்டாது. வாக்கி ஒன்றுதான் வழி.

இன்று ஒத்திகை மூன்று முறை. பிரமாதமாக ஒன்றும் இல்லை, சரியாக இருந்தது. இறங்கி வந்து, "எப்டிக்கா இருந்துச்சு?" என்று என்னிடம் கேட்கிறாள். நான் என்ன விமர்சகரா? "கயிறு நல்லா இருந்துச்சு" என்றேன். அதற்கும் சிரிப்பு.

இயக்குநர் நாற்காலி சுவருக்குப் பின்னால், ரோப் ஆட்களுக்குப் பக்கத்திலேயே. மானிட்டரை அங்கேதான் நனையாமல் வைக்க முடிகிறதாம்.

13 பிப்ரவரி, வியாழன்

விழுந்துவிட்டாள்.

14 பிப்ரவரி

ஜெசிந்தாவைச் சேர்த்திருக்கும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் போயிருக்கிறார்கள். படப்பிடிப்பு இல்லை. வாக்கிகளை எண்ணி வாங்கினேன். இரண்டில் கிளிப் இல்லை. ஒன்றில் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

15 பிப்ரவரி, சனி

நடந்ததை எழுதிவிடுகிறேன். ஆளுக்கு ஆள் கண்டபடி கதை சொல்கிறார்கள். ஒருத்தனுக்கும் எதையும் வரிசையாகப் பார்க்கத் தெரியாது.

காலை பதினொரு மணி வாக்கில் டேக். நான் மாஸ்டருக்குப் பத்தடி பின்னால் நின்றேன். அங்கே எனக்கு வேலை இல்லை. சும்மா நின்றேன். என் கையில் இருந்த வாக்கியை நாலில் வைத்திருந்தேன். மாஸ்டர் 'இழு' என்றார். ஜெசிந்தா மெதுவாக மேலே போனாள். மழை ஊற்றியது. ஒரு மாடி உயரம் சரியாகப் போனது.

அப்போது என் வாக்கியில் மணிவேலன் குரல். யாரோ விருந்தாளி வந்திருக்க வேண்டும், அவரிடம் பேசுகிறார். மரக்காணத்தில் வஞ்சிர வறுவல் எங்கே நன்றாக இருக்கும் என்று. ஷாட்டைக் கேட்க வாக்கியை நாலுக்குத் திருப்பி வைத்துவிட்டு, அப்படியே நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். பொத்தான் கைப்பிடிக்கும் தொடைக்கும் நடுவில்.

சுவரில் பழைய இரும்புப் பட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஒத்திகையில் கயிறு அதைத் தொடவில்லை. அன்று தண்ணீரின் வேகத்தில் கயிறு ஒதுங்கிப் பட்டைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. மாஸ்டர் பார்த்துவிட்டார். 'நில், நில்' என்றார். அவர் தவறே செய்யவில்லை. மூச்சு விட்டு, நிதானமாக, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னார். பத்தடியில் நின்ற என் வாக்கியில் அவர் குரல் விழுந்தது, அவர் பொத்தானை விடும்போதெல்லாம் வஞ்சிரம். ஒரே சேனலில் இரண்டு பேர் பேசினால் பக்கத்தில் இருப்பவன் குரல்தான் விழும். வேலாயுதத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் இயக்குநர்.

ரோப் ஆட்கள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். 'நில்' கேட்கவில்லையே. ஜெசிந்தா மேலே போகவில்லை. கயிறு மட்டும் விறைத்துக்கொண்டே போனது. அவள் கையை ஆட்டினாள். நடிக்கிறாள் என்று பக்கத்தில் ஒருவன் சொன்னான். மாஸ்டர் நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு, வாக்கியைச் சேற்றில் எறிந்து, அந்த முட்டியை வைத்துக்கொண்டு சுவரைச் சுற்றி ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் பட்டை பெயர்ந்து, கயிறு உதறி, அவள் சுவரில் போய் மோதிக் கீழே வந்தாள். தரைக்கு ஆளுயரம் இருக்கும்போது கயிறு பிடித்து நிறுத்தியது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. காறை எலும்பும்.

வஞ்சிரப் பேச்சு ஒரு நிமிஷத்துக்கு மேலே தாராளமாக ஓடியது. இரண்டு இருக்கும்.

இவ்வளவுதான் நடந்தது.

17 பிப்ரவரி, திங்கள்

கோதண்டம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், ஸ்டன்ட் சங்கத்துல விசாரிக்கப் போறாங்க. வாக்கி தானா நாலாம் சேனலுக்குத் தாவிருச்சு, பொத்தானும் சிக்கிக்கிச்சு. மெஷின் கோளாறு. இப்டித்தான் நாம சொல்லப் போறோம். பாய்கிட்ட பேசிட்டேன்."

வாக்கி தானாகச் சேனல் தாவாது. மாடு தானாகப் பக்கத்து ஊருக்கு டிக்கெட் எடுத்துப் போகாதது மாதிரி. கோதண்டத்துக்கு அது தெரியாது. பாய்க்குத் தெரியும். அவருக்குப் போன் போட்டேன்.

"யாருக்கும் கெட்ட பேரு வேணாம் சுகுணாம்மா" என்றார். "மனுஷன்னா அவனுக்கு ஒரு சங்கம் வந்துரும். மெஷினுக்கு எந்தச் சங்கம் வரப்போகுது? மெஷின் மேல போட்டுரு."

சரி என்றேன். எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்லும்போது நான் மட்டும் தனியாக எதைச் சொல்வது?

20 பிப்ரவரி

சென்னை. ஜெசிந்தாவை ராயப்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். தினமும் யூனிட்டிலிருந்து ஒரு கும்பல் ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு போகிறது. இடுப்பு முறிந்தவளுக்கு ஆப்பிள். அந்தக் கூட்டத்தில் போய் நான் என்ன செய்யப் போகிறேன்.

23 பிப்ரவரி

கடையில் வேலை நிறைய. பதினாறு வாக்கிக்குப் புதிதாக சேனல் போட்டேன். எல்லாவற்றிலும் டைம்-அவுட் முப்பது நொடி. யாரும் கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். வெயில். திரும்பிவிட்டேன்.

1 மார்ச், சனி

சண்டைக் கலைஞர்கள் சங்க ஆபீசில் விசாரணை. நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடாத ஏ.சி. ராயப்பன் மாஸ்டர் ஒரு பக்கம், அவர் ஆட்கள் சுவரோரமாக. கோதண்டம், பாய், நான் இந்தப் பக்கம். மணிவேலன் கடைசியில் வந்தார். தாடி விட்டிருந்தார். துக்கத்தைக்கூட முகத்தில் ஒட்டிக்கொண்டுதான் வருவார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கோதண்டம் பேசினார். மெஷின் தாவியது, மெஷின் சிக்கியது. சங்கச் செயலாளர் என்னைப் பார்த்து, "அப்டி ஆகுமாம்மா?" என்றார்.

"ஆகலாம்" என்றேன்.

அந்த ஒரு சொல் சொன்னேன். இங்கே எழுதுவதற்கே கை கூசுகிறது. ஒரு பாலிடெக்னிக் மாணவன் அப்படி எழுதியிருந்தால் அவன் பேப்பரை நான் கிழித்திருப்பேன்.

அப்போது மணிவேலன் எழுந்தார். எழ வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது.

"இல்ல சார். அது தாவல. நான்தான் திருப்பி வச்சேன். அந்தச் சேனல் என்கிட்ட இருக்கவே கூடாது. நான்தான் கேட்டு வாங்கினேன். ஒரு நிமிஷத்துல கட் ஆகுற மாதிரி இருந்துச்சு, அதையும் எடுக்கச் சொன்னேன். என் தொடையிலதான் அமுங்குச்சு. அந்தப் பொண்ணு அங்க தொங்கிட்டு இருக்கு, நான் மீன் வறுவலப் பத்திப் பேசிட்டு இருந்திருக்கேன்." கோதண்டம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை. என்னைக் காட்டி, "மேடம் வேணாம்னு சொன்னாங்க. எடுத்தா ஆபத்துன்னு சொன்னாங்க. நான்தான் கேக்கல. அவங்க மேல எதுவும் வரக்கூடாது. ஆஸ்பத்திரிச் செலவு, அந்தப் பொண்ணு எழுந்து நடக்குற வரைக்கும் எல்லாம் எங்க பொறுப்பு" என்றார்.

மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மரியாதையாக.

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். "நான் எப்ப சார் வேணாம்னு சொன்னேன்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார். "சொல்லிருப்பீங்க மேடம். சொல்லாம இருப்பீங்களா? எனக்குத்தான் அந்த நேரத்துல யார் பேசுறதும் காதுல விழாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

2 மார்ச்

பாய் பிரியாணி அனுப்பினார். "நம்ம கடைப் பேரு தப்பிச்சிது, உன்னாலதான்" என்றார். தொடவில்லை. கீழ்வீட்டு நாய்க்குப் போட்டேன். அதுவும் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் தின்றது.

ஒரு முட்டாளுக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலையில் வாழ்க்கையில் நான் இருந்ததில்லை. அதுவும் நான் சொல்லாத நல்ல வார்த்தையை நான் சொன்னதாக நம்புகிற முட்டாளுக்கு. கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே பேட்டி கொடுத்தவன். அவன் எழுந்து நின்றான். நான் 'ஆகலாம்' என்றேன்.

4 மார்ச், செவ்வாய்

ராயப்பன் மாஸ்டரை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். சாலிகிராமத்தில் என் தெருவுக்கு மூன்றாவது தெருதான். முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். "வாம்மா, உக்காரு, காபி போடச் சொல்றேன்" என்றார். காபி வருவதற்குள் சொல்லிவிட்டேன். இயக்குநர் கேட்டார், நான் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டுக் கொடுத்தேன். ஆபத்து என்று எனக்குத் தெரியும். பத்தாம் தேதி அவர் பொத்தான் அழுந்திக் கிடந்தபோதும் தெரியும். அப்போதும் சொல்லவில்லை. தாவலாம் என்று சங்கத்தில் சொன்னதும் பொய்.

அவர் ஒத்தடத் துணியைக் கீழே வைத்தார்.

"எதுக்கும்மா சொல்லல? பயமா? வேல போயிரும்னா?"

"இல்ல மாஸ்டர்."

"பின்ன?"

"சொல்லிப் புரியற ஆள் இல்லன்னு நினைச்சேன்."

காபி வந்தது. மாஸ்டர் தனக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு, "நாப்பது வருஷமா கயித்துல தொங்குறவங்கள வச்சுத்தான் என் பொழப்பு. குடிச்சிட்டு வந்து கயிறு கட்டுனவனப் பாத்திருக்கேன். தூங்கிப் போனவனப் பாத்திருக்கேன். அவனுங்கள அடிச்சிருக்கேன். உன்ன இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. சங்கத்துல வந்து எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

5 மார்ச்

பாய் கடைச் சாவியைக் கேட்டார். கத்தவில்லை. "பொய்யச் சொல்லச் சொன்னது நான். எனக்கும் இதுல பங்கு இருக்கு. ஆனா இனிமே சினிமாக்காரன் எவனும் நீ இருக்கிற கடைக்கு வர மாட்டான்" என்றார். சரிதான். என் ஸ்க்ரூடிரைவர் செட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

7 மார்ச், வெள்ளி

இன்று போனேன். பார்வை நேரம் தொடங்கும் முன்பே போய் வாசலில் நின்றேன், யாரும் வருவதற்குள் பார்த்துவிடலாம் என்று.

ஆறு பேர் படுத்திருக்கும் வார்டு. ஜெசிந்தா ஜன்னலோரக் கட்டில். ஒரு தோளில் கட்டு. இடுப்புக்குக் கீழே அசையக் கூடாது. முகம் இளைத்துப்போய், சின்னப் பெண் மாதிரி இருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்து, "வா" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"மாஸ்டர் சொல்லிட்டாரு. எழுதிக் குடுத்தியாமே."

"ஆமாம்."

"அன்னிக்கு எனக்கே தெரிஞ்சிது. காதுல மிஷினு மாட்டிக்கினுதானே ஏறுனேன். மேல போய்க்கினே கீறேன், காதுல அந்தாளு மீனப் பத்திப் பேசுறாரு. நாலு பேருதானேன்னு நெனச்சேன். இவரு எப்டி வந்தாருன்னு யோசிச்சிக்கினே இருந்தேன். அப்புறம் கயிறு மாட்டிக்கிச்சு."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தாளுக்குச் சொன்னாப் புரியாதுன்னு நெனச்சியாமே?"

"ஆமாம்."

"சரி, அந்தாளுக்குப் புரியாது. தொங்குனது நானு. நான் வந்து உன் பக்கத்துல உக்காந்து கேட்டேன். எனக்குமா புரியாது?"

அவள் குரல் உயரவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். அடுத்த கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்குப் புரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேராக மாஸ்டரிடம் போயிருப்பாள். அவர் இயக்குநர் கையிலிருந்து அந்த வாக்கியைப் பிடுங்கியிருப்பார். அரை நிமிஷ வேலை. எனக்கு அது அன்றைக்கே தெரியும். சோறு ஆறிக்கொண்டிருந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், எதையும் சிரித்துக்கொண்டே கேட்பவளுக்கு விளக்குவானேன் என்று இருந்துவிட்டேன்.

"புரிஞ்சிருக்கும்" என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். நான் போய்விடலாமா என்று நினைத்தேன். செருப்பைக்கூடத் தேடினேன்.

"அந்தத் தண்ணிய எடு" என்றாள்.

டம்ளரில் ஸ்ட்ரா போட்டு வைத்திருந்தார்கள். படுத்திருந்த வாக்கில் அவளுக்கு எட்டவில்லை. குனிந்து, அவள் குடித்து முடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.